பயிற்சி முடிந்த பிறகு அந்த நர்ஸ் யாருக்குப் போன் செய்வார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அன்று தொடங்கி மனித உரிமை நாளான டிசம்பர் 10 வரை பதினாறு நாட்களும் சென்னையில் ஏதாவது ஒரு கூடத்தில் செவிலியர்களுக்கோ, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கோ, மகளிர் காவலர்களுக்கோ குடும்ப வன்முறை பற்றி வகுப்பு நடக்கும். பெரும்பாலும் அரைநாள். சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டி விளக்குவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த நர்ஸ் தன் மேஜைக்குத் திரும்பியதும், கன்னம் வீங்கிய ஒரு பெண்ணும் அவளை ஒட்டி நிற்கும் கணவரும் எதிரே வருகிறார்கள். முதல் வாக்கியமாக என்ன கேட்பது, அவள் ‘ஆமாம்’ என்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? அரைநாள் வகுப்பு இந்த இரண்டையும் சொல்லித் தருவதில்லை. முன்களப் பணியாளர்களுக்கான பயிற்சியைத் திட்டமிட்டு நடத்துபவர்கள் என்ற முறையில் இதை விரிவாக எழுதுகிறோம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் இது 29.3 சதவீதம். அதே கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடம்கூடச் சொல்லவும் இல்லை. கேட்டவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்குத்தான். காவல் நிலையப் படியேறியவர்கள் மிகக் குறைவு. ஆனால் இதே பெண்கள் புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள், அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குகிறார்கள், தலைவலி என்று ஓ.பி. சீட்டு எழுதுகிறார்கள். அவர்களைப் பார்க்கும் வாய்ப்பு முன்களப் பணியாளருக்குத்தான் இருக்கிறது.

என்ன தெரியும்? ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் கேட்கும் வாக்கியம். வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, முட்டி, இடுப்பு ஆகிய இடங்களில்தான் அடிபடும். கண்ணைச் சுற்றி, காது, கழுத்து, மார்பு, மேல்கையின் உட்புறம் ஆகிய இடங்களில் காயம் இருந்தால் வழுக்கி விழுந்த கதை பொருந்தவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம். கன்னத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியும், அந்தப் பெண் ‘காது அடைக்குது’ என்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குத்தான் போவாள். பழைய காயமும் புதிய காயமும் சேர்ந்திருப்பது முக்கியமான தடயம். அதே சமயம், கன்றிய நிறத்தை வைத்து ‘ஐந்து நாள் பழையது’ என்று எழுதிவிடக் கூடாது. நிறம் தோலுக்குத் தோல் மாறும், அப்படி எழுதியது நீதிமன்றத்தில் நிற்காது.

காயமே இல்லாமல் வருபவர்கள்தான் அதிகம். மாதம் தவறாமல் தலைவலி, தூக்கமின்மை, உடம்பெல்லாம் வலி, வெள்ளைப்படுதல் என்று வருவார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும். கர்ப்பிணியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வராமல் விட்டுவிட்டு, எட்டாம் மாதத்தில் வந்து நிற்பார். நர்ஸ் கேட்கும் கேள்விக்கெல்லாம் கூட வந்தவர் பதில் சொல்வார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் யார் கைக்குப் போகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டால், ‘ஏ.டி.எம். கார்டு அவர்கிட்டதான் இருக்கு’ என்பார். இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகிவிடாது. தனியாக அழைத்து ஒரு கேள்வி கேட்பதற்கான காரணம் ஆகும், அவ்வளவுதான். பயிற்சியில் இதை அழுத்திச் சொல்லாவிட்டால் நர்ஸ் துப்பறிய ஆரம்பித்துவிடுவார், அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் இது விட்டுப்போகிறது, விட்டுப்போனால் உயிர் போகும். கழுத்து நெரிக்கப்பட்ட பெண்களில் பலருக்கு வெளியே ஒரு தடமும் இருக்காது. குரல் கம்மியிருக்கும், எச்சில் விழுங்க வலிக்கும், கண்ணின் வெள்ளையிலோ இமைக்குள்ளோ ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். ‘கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே தெரியலை’ என்பார். சிறுநீர் தானாகப் போயிருக்கும். அதை வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், நாம்தான் மெதுவாகக் கேட்க வேண்டும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரும். அதனால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பாமல் மருத்துவரிடம் ‘கழுத்து நெரிப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்கான ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்பு ஒரு முறையாவது கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு அதிகமாக இருந்தது. ‘சும்மா பயமுறுத்துறதுக்காகக் கழுத்தைப் பிடிச்சாரு’ என்று அவள் லேசாகச் சொல்லலாம். நாம் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, கேட்பது. முதல் விதி, தனியாகக் கேட்பது. கணவர், மாமியார், நாத்தனார் மட்டுமல்ல, பெற்ற தாய் பக்கத்தில் இருந்தாலும் கேட்கக் கூடாது. பேசத் தெரிந்த குழந்தை இருந்தாலும் கூடாது, அது வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பிக்கும். இந்தி, தெலுங்கு, வங்காளம், ஒடியா பேசும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். கணவரையே மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பதைவிடக் கேட்காமல் விடுவது மேல். வார்டில் வேறு யாராவது அந்த மொழி தெரிந்த பெண் பணியாளரைத் தேடுங்கள்.

‘தனி அறைக்கு எங்கே போவது?’ என்பதுதான் பயிற்சியில் முதலில் எழும் கேள்வி. நியாயமான கேள்வி. பதில், அறை தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும். யூரின் டெஸ்டுக்கு டப்பா கொடுத்து நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பக்கம் ஆண்கள் வர முடியாது. ‘எடை பார்க்கணும், வயிறு பார்க்கணும், லேடீஸ் மட்டும்’ என்று எல்லோருக்கும் ஒரே விதியாக வையுங்கள். ஒருத்திக்கு மட்டும் அப்படிச் சொன்னால் கணவருக்குச் சந்தேகம் வரும், எல்லோருக்கும் சொன்னால் அது ஆஸ்பத்திரி நடைமுறை. கூட வந்தவரை ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) சீட்டு வாங்கவோ மருந்து வாங்கவோ அனுப்பலாம். 108 ஆம்புலன்ஸில் வருகிறார் என்றால், உடன் வருபவரை டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தாலே போதும், பின்னால் உதவியாளரும் நோயாளியும் மட்டும்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையிலான அந்தப் பயணத்தில் கிடைக்கும் தனிமை அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு அன்று முழுக்கக் கிடைக்காமல் போகலாம்.

வீட்டுக்குப் போகும் பணியாளர்களின் நிலை வேறு. கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளில் வீடு சிறியது, சுவர் தாண்டிச் சத்தம் கேட்கும், கதவைச் சாத்தினால் அதுவே செய்தியாகிவிடும். அங்கே கேட்க வேண்டாம். ‘நாளைக்கு சென்டருக்கு வாம்மா, பி.பி. ஒரு தடவை திரும்பப் பார்க்கணும்’ என்று வரச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் கண்ணில் படுவது மனைவிகள் மட்டுமல்ல. மகன் அடிக்கும் தாயையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள். மாத்திரை தீர்ந்துபோயும் வாங்கித் தராமல் இருப்பது, பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் இதில் சேர்ந்ததே. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி ஆகியோருக்கும், மணமாகாமல் துணைவருடன் வாழும் பெண்ணுக்கும் பொருந்தும். முதியோருக்கு 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

கேள்வியின் சொற்கள். ‘நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளாகிறீர்களா?’ என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ‘அதெல்லாம் இல்லைங்க’ என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வன்முறை, கொடுமை என்பதெல்லாம் பேப்பரில் வருவது, தன் வீட்டில் நடப்பது ‘சண்டை’ என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். அதனால் பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘இங்க வர்ற நிறைய பேருக்கு வீட்டுல பிரச்சனை இருக்கும்மா, அதனால எல்லார்கிட்டயும் கேட்கிறோம். வீட்டுல யாராச்சும் உங்களை அடிக்கிறாங்களா, தள்ளுறாங்களா? வீட்டுக்குப் போகவே பயமா இருக்கா?’ இந்த மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்து, கூச்சம் போகும் வரை சொல்லிப் பழக வேண்டும். இதற்கு முன் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எதிரில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, பாலியல் குற்றம் நடந்தது தெரிய வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாம் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் மீறுவதைவிட, எதை மறைக்க முடியும், எதை முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். துருவ வேண்டாம். ‘சரிம்மா, எப்ப வேணும்னாலும் வந்து பேசலாம்’ என்று சொல்லி அடுத்த வேலையைப் பாருங்கள். மூன்றாவது முறை கேட்கும்போது சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

‘ஆமாம்’ என்றால் என்ன சொல்வது? உலக சுகாதார அமைப்பின் கையேடு ஐந்து படிகளைச் சொல்கிறது: கேட்டுக்கொள், தேவையை விசாரி, நம்புவதை வெளிப்படுத்து, பாதுகாப்பைக் கூட்டு, உதவியோடு இணை. நம் பணியாளர்கள் முதல் மூன்றையும் தாண்டி நேரே அறிவுரைக்குப் போய்விடுகிறார்கள். ‘நீ என்ன பேசினே, அவர் கை ஓங்குற அளவுக்கு?’, ‘குழந்தைங்களுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’, ‘குடிச்சா அப்படித்தான், விடியற்காலம் சரியாயிடும்.’ இன்னொரு பக்கம், ‘இன்னைக்கே வெளியே வந்துடும்மா’ என்று ஆவேசமாகச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். அவள் பிரிந்து போக முயலும் நாட்கள்தான் உயிருக்கு அதிக ஆபத்தான நாட்கள். எப்போது, எப்படிக் கிளம்புவது என்பதை அவளைவிட நன்றாகக் கணிக்கக் கூடியவர் யாருமில்லை. நாம் சொல்ல வேண்டியது சிறியது: ‘சொன்னது நல்லதாச்சும்மா. நான் நம்புறேன். இது உங்க தப்பு இல்லை.’ அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். இந்த மௌனத்தைப் பழகுவதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. எதிரில் ஒருவர் அழும்போது அரை நிமிடம் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை நடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு, ஆபத்தை அளக்கும் கேள்விகள். முன்பைவிட இப்போது அடிக்கடி நடக்கிறதா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா, கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்திருக்கிறாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? ‘செத்துடலாம்னு உங்களுக்கே தோணியிருக்கா?’ கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கேட்பது பாரத்தை இறக்கும். ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அவளை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே ஆலோசகரோடு பேச வைக்க வேண்டும்.

துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். அது பையில் இருப்பதைக் கணவர் பார்த்தால் அன்று இரவே அடி. தாய்–சேய் நல அட்டையிலும் எதுவும் எழுதாதீர்கள், அதை வீட்டில் எல்லோரும் புரட்டுவார்கள். மகளிர் உதவி எண்ணான 181 மூன்றே எண்தான், திருப்பிச் சொல்ல வைத்து மனதில் பதிய வையுங்கள். போனில் சேமிக்க வேண்டுமானால் வேறு பெயரில். கூப்பிட்ட பிறகு கால் லிஸ்டில் இருந்து அழிக்கச் சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப் வேறொரு கருவியிலும் திறந்திருக்கிறதா, லொகேஷன் யாருக்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று அவள் போனிலேயே பார்த்துக் காட்டலாம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும், காணாமல் போனால் சந்தேகம் வரும்.

எழுதுவது பற்றி. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். புத்தகத்தில் விழும் ஒரு வரி, பல ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு ஒரே சாட்சியாக நிற்கும். ‘கீழே விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், பின்னால் அவள் என்ன சொன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் காட்டுவார். அவள் தனியாகச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும்: யார், எதனால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். ‘தெரிந்த நபர்’ என்று நிறுத்தாமல் ‘கணவர்’ என்று அவள் சொன்னால் ‘கணவர்’ என்றே எழுதுங்கள். காயம் ஒவ்வொன்றின் நீளம், அகலம், இடம் ஆகியவற்றை உடல் வரைபடத்தில் குறியுங்கள். அவள் சொல்லத் தயாராக இல்லையென்றால், ‘விழுந்ததாகச் சொல்கிறார், காயங்கள் அதனோடு பொருந்தவில்லை’ என்று மருத்துவர் எழுதலாம். அது பொய்யும் ஆகாது, கதவையும் சாத்தாது. ஏ.ஆர். போட்டால் காவல்துறைக்குத் தகவல் போகும் என்பதை எழுதுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

தீக்காயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் பல மாவட்டங்களில் இருந்தும் பெண்கள் வருகிறார்கள். வந்தவுடன் ‘சமைக்கும்போது புடவை பிடிச்சுக்கிச்சு’ என்பார்கள். சுற்றி நிற்பது கணவர் வீட்டார், குழந்தை அவர்கள் கையில். மறுநாள் தாய் வந்த பிறகு உண்மையைச் சொல்வார். இப்போது இரண்டு வாக்குமூலம், ஒன்றுக்கொன்று முரண். வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். முதல் வார்த்தையைக் கேட்கும் முன்பே உறவினர் எல்லோரையும், அவள் தரப்பையும் சேர்த்து, வெளியே அனுப்பியிருந்தால் இது நடக்காது. மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வரும்போது, பேசும் தெளிவான நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். வலி மருந்து கொடுத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறிக்காமல் விட்டால் அந்தச் சான்றே கேள்விக்குள்ளாகும். உடலில் இருந்து எடுத்த துணியைக் குப்பையில் போடாதீர்கள், மண்ணெண்ணெய் வாசனை அதில்தான் இருக்கும். மணமாகி ஏழு ஆண்டுக்குள் இருந்தால் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கும் என்பதால், திருமணத் தேதியைக் கேட்டு எழுதுவதும் நர்ஸ் செய்யக்கூடிய காரியம்தான்.

விஷம் குடித்து வருபவர்களைப் பார்த்து ‘ஏன்மா இப்படிப் பண்ணே, புள்ளைங்க நினைப்பு வரலையா?’ என்று திட்டுவதை நிறுத்த வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. ‘கேஸ் ஆயிடும்’ என்ற பயத்தில்தான் பலர் தவறுதலாகக் குடித்ததாகச் சொல்கிறார்கள். வயிற்றைக் கழுவி அனுப்பிவிட்டால், அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு.

சட்டத்தில் முன்களப் பணியாளருக்கு அத்தனை பிரிவும் தேவையில்லை. ஒரு குழப்பம் தீர்ந்தால் போதும். கணவரின் கொடுமைக்குத் தண்டனை தரும் பழைய 498-ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு. அது கிரிமினல் வழக்கு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அதில் கேட்பது பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வாழும் உரிமை, பணம், குழந்தையின் பொறுப்பு. அந்த ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. பணியாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதால், ‘அவரை ஜெயில்ல போட வேணாம்மா’ என்று பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அடி நிற்க வேண்டும், வீடு வேண்டும், ஜெயில் வேண்டாம் என்பவளுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையே யாரும் சொல்லவில்லை. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் குடும்பச் சம்பவ அறிக்கையை நிரப்பி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அந்த அறிக்கை இல்லை என்று எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்த பணியாளர் மீது வழக்குப் போட முடியாது என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று தயங்குபவர்களுக்கு இதை முதல் மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவிக்குப் பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது, எண் 15100. புகாரை வாங்கிக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரசீதைப் பார்த்துவிட்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

இவ்வளவும் தெரிந்தும் பயனில்லாமல் போவது எங்கே என்றால், கடைசிக் கண்ணியில். இங்கிலாந்தில் லண்டன் ஹாக்னியிலும் பிரிஸ்டலிலும் 48 குடும்ப மருத்துவ மையங்களை எடுத்து, பாதிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு வகுப்புகள்தான். ஆனால் அதோடு ஒரு பெண் ஆலோசகரையும் அந்த மையங்களோடு இணைத்தார்கள். அவர் பெயர் தெரியும், முகம் தெரியும், பயிற்சி வகுப்பையும் அவரே சேர்ந்து நடத்தினார். ஓராண்டில் பயிற்சி பெற்ற 24 மையங்கள் 223 பெண்களை உதவிக்கு அனுப்பின, மற்ற 24 மையங்கள் 12 பேரை. 2011-இல் லான்செட் இதழில் இது வந்தது. மும்பையில் 2000-ஆம் ஆண்டிலேயே பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனைக்குள் ‘தில்லாசா’ என்ற ஆலோசனைப் பிரிவைத் தொடங்கினார்கள். பெண் வேறெங்கும் போக வேண்டாம், ஓ.பி. போலவே அதுவும் ஒரு துறை. பின்னர் அது மற்ற மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் ஆயிரம் விளக்கில் திறந்த ஊர் இது. சென்னை மாநகராட்சியில் மண்டலத்துக்கு ஓர் ஆலோசகர் என்பது எட்டாத கோரிக்கை அல்ல.

பயிற்சியின் வடிவத்தையும் மாற்ற வேண்டும். ஒரு வகுப்புக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். மூன்று மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு, நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. முதல் அமர்வில் கேட்பதும் காது கொடுப்பதும், பாதி நேரம் ஜோடி ஜோடியாக நடித்துப் பழகுவது. இடைவெளியில் ஒவ்வொருவரும் தன் மையத்தில் தனியாகப் பேச எந்த மூலை இருக்கிறது என்று கண்டுபிடித்து வர வேண்டும். இரண்டாம் அமர்வில் எழுதுவது, ஆபத்தை அளப்பது, அனுப்புவது. மூன்று மாதம் கழித்து ஒரு மணி நேரம் திரும்பிப் பார்ப்பது. நர்ஸை மட்டும் கூப்பிடாதீர்கள். சீட்டு எழுதுபவர், ஆயாம்மா, வாசல் செக்யூரிட்டி எல்லோரும் வர வேண்டும். கணவர் கூச்சல் போடும்போது முதலில் எதிர்கொள்பவர் செக்யூரிட்டி. ‘உங்க வொய்ஃப் அந்த ரூம்ல கவுன்சலிங்ல இருக்காங்க’ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் எல்லாம் பாழ்.

முன்பு சொன்ன 38.1 சதவீதத்தை அந்தப் பயிற்சி அறைக்கும் பொருத்திப் பாருங்கள். மணமான 25 பெண்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களில் 9 பேர் அதை வாழ்ந்தவர்களாக இருக்கலாம். பயிற்சி நடத்துபவர்கள் இதை மறந்தே போகிறார்கள். ‘யாருக்காவது இப்படி நடந்திருக்கா?’ என்று கூட்டத்தில் கேட்பது கூடவே கூடாது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, இரண்டாவது பயிற்றுநர் ஒருவர் வராந்தாவிலேயே இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவராக நடிக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தன் வீட்டில் அடி வாங்கும் நர்ஸ், எதிரில் நிற்கும் பெண்ணிடம் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று சொல்வதில் கல்நெஞ்சம் இல்லை. தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொள்வதைத்தான் அவளுக்கும் சொல்கிறார்.

இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டு, மாதாமாதம் எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை பேர் ஆலோசகரைப் பார்க்கச் சம்மதித்தார்கள், அவர்களில் எத்தனை பேரை உண்மையிலேயே பார்த்தார்கள் என்று பெயரில்லாமல் எண்ணுங்கள். மூன்றாவது எண்ணுக்கும் நான்காவது எண்ணுக்கும் நடுவில்தான் பெண்கள் தொலைந்துபோகிறார்கள். சுகாதாரத் துறையும் சமூகநலத் துறையும் மாநகராட்சியும் அடுத்த பயிற்சிக்குச் சுற்றறிக்கை அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யட்டும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு, ஓர் அவசர சிகிச்சைப் பிரிவின் போனில் இருந்து 181-ஐ அழைத்து, ‘இங்கே ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்ப முடியாது’ என்று சொல்லிப் பார்க்கட்டும். எத்தனையாவது மணி ஒலியில் போனை எடுத்தார்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான எந்த ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இடம் சொன்னார்கள், பத்து வயதுப் பையனையும் கூடச் சேர்த்துக்கொள்வார்களா, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த நர்ஸின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கட்டும். பயிற்சியை அந்தத் தாளில் இருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
முன்களப் பணியாளர் பயிற்சியில் பணிபுரியும் இருவர்,
சென்னை.